எம்.ஆர்.ஐ.க்குக் காத்திரு, கயல்விழி

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் மகன் முகிலனுக்குக் கிரோன் நோய் என்று தெரிந்ததிலிருந்து நீ சரியாகத் தூங்குவதில்லை என்று உன் அப்பா சொன்னான். டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்திருக்க, "சி.டி. எடுத்தால் நாளைக்கே தெரிந்துவிடுமே" என்று வீட்டில் பேச்சு எழுந்திருக்கிறதாம். குழந்தைகளின் ஸ்கேன் படங்களைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் சொல்கிறேன்: டாக்டர் சொன்னதே சரி.

இந்த நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியைத்தான் அதிகம் பிடிக்கும். எண்டோஸ்கோபியில் மேலிருந்து விடும் குழாய் சிறுகுடலின் தொடக்கத்தோடும், கீழிருந்து விடும் குழாய் அதன் கடைசிச் சில அங்குலங்களோடும் நின்றுவிடும். நடுவே கிடக்கும் பல அடிக் குடலில் வீக்கமோ சுருக்கமோ சீழ்க்கட்டியோ இருந்தால், அதைப் பெரும்பாலும் ஸ்கேன் படம்தான் காட்டும்.

சி.டி.யும் காட்டும், ஆனால் அதில் கதிர்வீச்சு உண்டு. ஒருமுறை எடுப்பதால் வரும் ஆபத்து மிகச் சிறியதுதான். ஆனால் இது அடங்கியும் கிளம்பியும் வருஷக்கணக்கில் கூடவே வரும் நோய். வளரும் பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப சி.டி. எடுத்தால் கதிர்வீச்சு கூடிக்கொண்டே போகும். எம்.ஆர்.ஐ.யில் அது அறவே இல்லை. அதே சமயம், குடலில் ஓட்டை விழுந்திருக்குமோ என்று நள்ளிரவில் டாக்டர் சி.டி. கேட்டால் ஒரு நிமிஷமும் தயங்காதே. அங்கே வேகம்தான் உயிரைக் காக்கும்.

எம்.ஆர்.ஐ. அன்று சில மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும். பிறகு மானிட்டால் போன்ற மருந்து கலந்த நீரை ஒரு மணி நேரம் போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கத் தருவார்கள். சுருங்கிக் கிடக்கும் குடல் விரிந்தால்தான் அதன் சுவர் தெளிவாகத் தெரியும். அதனால் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுதும் குடிக்க வை. அப்புறம் வயிற்றுப்போக்கு ஆகலாம், மாற்றுடை எடுத்துப்போ. மெஷின் தடதடவென்று சத்தம் போடும், ஊசியும் உண்டு என்பதை ஒளிக்காமல் முன்பே சொல்லிவிடு. மூச்சை அடக்கிப் படுத்திருக்க வீட்டிலேயே பழக்கு. பன்னிரண்டு வயதுப் பையன். பழகிவிட்டால் மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது.

மருந்து வேலை செய்கிறதா என்று இடையிடையே பார்க்க அல்ட்ராசவுண்டே பல சமயம் போதும். குடல் சுவரின் தடிப்பு 3 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா, அங்கே ரத்த ஓட்டம் கூடியிருக்கிறதா என்று அதில் தெரியும். குடலைப் பார்த்துப் பழகிய டாக்டரிடம் எடுப்பது முக்கியம்.

இன்னொன்று. நம் ஊரில் குடல் காசநோயும் இதே இடத்தைப் பிடிக்கும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம். காசநோய் இருக்க, கிரோனுக்கு என்று எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுத்தால் காசநோய் முற்றிவிடும். ஆகவே பயாப்ஸி, சளி, ரத்தப் பரிசோதனை என்று டாக்டர் மேலும் கேட்டால் சலித்துக்கொள்ளாதே.

எடுத்த படங்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வை. பழையதோடு ஒப்பிட்டால்தான் புதியதற்கு அர்த்தம். ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்பும், "இதில் என்ன தெரிந்தால் சிகிச்சை மாறும்?" என்று டாக்டரிடம் கேள். நல்ல டாக்டர் அதற்குக் கோபப்பட மாட்டார். பதிலை முகிலனுக்கும் புரியும்படி சொல், உடம்பு அவனுடையது.

அன்புடன்,
பெரியப்பா