பழைய ஆம்ப்ளிஃபயருக்குப் புது கெபாசிட்டர்

பரணில் கிடந்த எழுபதுகளின் சான்சூயோ மராண்ட்ஸோ பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று இரைகிறதா? முதல் சந்தேகம் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் மேல்தான். உள்ளே இருக்கும் திரவம் காலப்போக்கில் உலர்ந்துவிடும். சால்டரிங் பழகிய கை என்றால் வீட்டிலேயே மாற்றலாம்.

1. வால்வு செட் என்றால் மூடி வைத்துவிட்டு, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். உள்ளே 300, 400 வோல்ட் சாதாரணம். கீழே சொல்வதெல்லாம் டிரான்சிஸ்டர் செட்டுக்கு.

2. ஜப்பானில் உள்ளூர் விற்பனைக்குச் செய்த செட்டுகள் 100 வோல்ட்டில் ஓடுபவை. பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்காமல் நம் 230 வோல்ட்டில் செருகாதீர்கள்.

3. பிளக்கைப் பிடுங்கினாலும் பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து 'பட்'டென்று பொறி பறக்க விடுவது வீரம் இல்லை, கெபாசிட்டருக்கும் கேடு. 1 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப்பால் இரு முனைகளிலும் மாட்டி, ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு மீட்டரில் பாருங்கள். 1 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிய பிறகே கை வைக்கலாம்.

4. முதலில் எல்லாப் பக்கமும் போட்டோ. பிறகு ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் புதியதைப் பொருத்தி முடித்தபின் அடுத்தது. எல்லாவற்றையும் மொத்தமாகக் கழற்றிக் குவித்தால் எது எங்கே என்று யாருக்கும் தெரியாது. பட்டை போட்ட பக்கம் மைனஸ்; மாற்றிப் போட்டால் சூடேறி வெடிக்கும். போர்டில் அச்சிட்ட குறி சில செட்டுகளில் தவறாகவே இருக்கும், அதனால் பழையது இருந்த திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். 'பி.பி.' அல்லது 'என்.பி.' என்று போட்டிருந்தால் அதே பைபோலார் வகைதான் வேண்டும்.

5. வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. 35 இருந்த இடத்தில் 50 போடலாம். மைக்ரோஃபாரட் அதேதான், பவர் சப்ளையில் மட்டும் 20 சதவீதம் வரை கூடினால் பரவாயில்லை. 105 டிகிரி வகையாகக் கேட்டு வாங்குங்கள். புதியது பழையதில் பாதி அளவே இருக்கும், பயம் வேண்டாம். ஆனால் போலிகளும் உலவுகின்றன. மீட்டரில் அளந்த பிறகே பொருத்துங்கள்.

6. செராமிக், ஃபிலிம் கெபாசிட்டர்களைச் சும்மா விடுங்கள். நன்றாக இருப்பதையும் பிடுங்கி எறியும் ஆர்வத்தில்தான் போர்டின் செம்புத் தடங்கள் பெயர்கின்றன. மெயின்ஸ் ஸ்விட்ச் அருகே கண்ணாடி போன்ற உறையில் விரிசல் விட்ட பேப்பர் கெபாசிட்டர் இருந்தால் அது மட்டும் விதிவிலக்கு; ஒருநாள் புகைந்து வீட்டையே நாறடிக்கும். அதற்கு எக்ஸ்2 தரம்தான் போட வேண்டும்.

7. கெபாசிட்டரின் அடியில் காய்ந்து பழுப்பாகிப்போன பசை இருந்தால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். அது பக்கத்துக் கம்பிகளை அரிக்கும்.

8. முதல்முறை ஆன் செய்யும்போது ஸ்பீக்கர் வேண்டாம். மெயின்ஸ் லைனில் தொடராக ஒரு 60 வாட் குண்டு பல்பு போடுங்கள்; எல்.இ.டி. இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள்.

9. பல்பை எடுத்துவிட்டு ஆன் செய்து, ஸ்பீக்கர் முனைகளில் டி.சி. அளவைப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரின் காயில் கருகிவிடும். சரியாக இருந்தாலும் முதலில் போனால் போகட்டும் என்கிற பழைய ஸ்பீக்கரையே மாட்டுங்கள்.