அழுகையும் மகிழ்ச்சியும்: பிலிப்பியர் நிருபத்திலிருந்து ஒரு பாடம்



டயாலிசிஸ் பிரிவின் வெளித் தாழ்வாரத்தில் ஒரு மாலை, ஓர் அம்மையார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். உள்ளே அவருடைய கணவருக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. பார்க்க வந்த உறவினர் ஒருவர், “விசுவாசமுள்ளவர்கள் இப்படி அழலாமா? நமக்குச் சந்தோஷம் குறையலாகாது” என்று கடிந்துகொண்டார். அம்மையார் உடனே எழுந்து முகம் கழுவி, புன்னகையோடு உள்ளே சென்றார். அவ்வழியே சென்ற நாங்களும் நின்று ஒரு வார்த்தை சொன்னோம்: “தைரியமாக இருங்கள், அம்மா.” அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அவருடைய கணவர் எங்களைத் தனியே அழைத்துக் கேட்டார்: “டாக்டர், என் மனைவி இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். என் நிலைமை அவ்வளவு மோசமாகிவிட்டதா?”

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். துன்பத்தில் நிலைத்திருக்கும் மகிழ்ச்சியைக் கிறிஸ்தவ விசுவாசம் வாக்களிக்கிறது என்பது மெய். ஆனால் அம்மகிழ்ச்சி கண்ணீரை மறைக்கும் திரையா? நம் மருத்துவமனைக்கு எல்லாச் சமயத்தாரும் வருகின்றனர். பிற சமயத்தாரும் பொறுமையோடு வாசிக்குமாறு வேண்டுகிறோம். கபாலீசுவரர் கோயிலிலிருந்து சாந்தோம் பேராலயத்துக்கு நடந்தே செல்லும் ஊர் நம்முடையது. ஒருவர் நம்பிக்கையை மற்றவர் அறிந்துகொள்வதில் தயக்கம் தேவையில்லை.

மகிழ்ச்சியின் நிருபம் என்று பலரும் அழைப்பது, பவுல் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதிய கடிதத்தை. நான்கே அதிகாரங்கள். மகிழ்ச்சியைக் குறிக்கும் சொற்கள் அதில் பத்துக்கும் மேற்பட்ட முறை வருகின்றன. எழுதியவர் அப்போது சிறையில் இருந்தார். வழக்கு எவ்வாறு முடியும், உயிர் பிழைப்போமா என்பது அவருக்கே தெரியாது. இவ்வளவும் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்பதே. நாங்கள் சுட்ட விரும்புவது, பெரும்பாலோர் விரைந்து கடந்துவிடும் ஒரு பகுதியை: இரண்டாம் அதிகாரத்தின் கடைசி ஆறு வசனங்கள்.

அங்கே எப்பாப்பிரோதீத்து என்னும் ஒருவர் வருகிறார். சிறையிலிருந்த பவுலுக்கு உதவிப் பொருள்களைக் கொண்டுவந்து, உடனிருந்து கவனிக்கும்படி பிலிப்பியர் அனுப்பிய ஆள் அவர். இன்றைய வழக்கில் சொன்னால், அட்டெண்டர். வந்த இடத்தில் அவரே நோயுற்று மரணத்தின் விளிம்புக்குப் போய்விட்டார். அதைவிட அவரை வருத்தியது வேறொன்று: தாம் நோயுற்ற செய்தி ஊரிலுள்ளவர்களுக்குத் தெரிந்துவிட்டதே, அவர்கள் எவ்வளவு கலங்குவார்களோ என்னும் கவலை. வார்டில் நாங்கள் அன்றாடம் காணும் மனநிலை இதுவே. படுத்திருப்பவர் வீட்டாரை எண்ணி வருந்துகிறார். வீட்டார் படுத்திருப்பவரை எண்ணி வருந்துகின்றனர். இரு தரப்பும் ஒருவர் முன் ஒருவர் வருந்தாததுபோல் நடந்துகொள்கின்றனர்.

பவுல் என்ன செய்கிறார்? எப்பாப்பிரோதீத்து பிழைத்ததைத் தேவனுடைய இரக்கம் என்கிறார். அவர் இறந்திருந்தால் தமக்கு ஏற்கெனவே இருக்கிற துக்கத்தின்மேல் மற்றொரு துக்கமும் சேர்ந்திருக்கும் என்று மறைக்காமல் எழுதுகிறார். அவரை ஊருக்குத் திருப்பி அனுப்புவதன் நோக்கத்தையும் சொல்கிறார்: அவரைக் கண்டு நீங்கள் மகிழவேண்டும், எனக்கும் துக்கம் சற்றுக் குறையவேண்டும். முற்றிலும் நீங்கும் என்று சொல்லவில்லை, குறையும் என்கிறார். மகிழுங்கள் என்று மீண்டும் மீண்டும் எழுதிய அதே கை, தனக்குத் துக்கம் உண்டு என்பதையும் எழுதிற்று. இரண்டும் ஒரே கடிதத்தில், ஒரே மனத்தில் இருந்தன.

நோயைக் குறித்தும் பவுலிடம் மிகைப்பேச்சு இல்லை. தம் உடலிலிருந்த ஒரு துன்பம் நீங்கவேண்டும் என்று மூன்று முறை வேண்டியும் அது நீங்கவில்லை என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார். துரோப்பீமு என்னும் உடனூழியரை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவந்ததாகத் தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபம் கூறுகிறது. இவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று எவரும் சொல்லவில்லை. அவரோடு இருந்தவர்களில் லூக்கா என்னும் வைத்தியரும் உண்டு; எங்கள் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் அதை விடாமல் குறிப்பிடுகிறோம்.

எந்த நிலையிலும் மனநிறைவோடு இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகக் கடிதத்தின் இறுதியில் பவுல் கூறுகிறார். கற்றுக்கொண்டது என்னும் சொல்லைக் கவனியுங்கள். பிறவிக் குணமாக வந்ததன்று. ஒரே இரவில் இறங்கியதுமன்று. நோய் தெரிந்த முதல் வாரத்திலேயே அதை ஒருவரிடம் எதிர்பார்ப்பது, எலும்பு முறிந்த மறுநாளே நடக்கச் சொல்வதை ஒக்கும்.

இப்படிக் கற்றுக்கொண்ட ஒரு மருத்துவர் நம் மாநிலத்திலேயே வாழ்ந்தார். கொச்சிப் பகுதியில் 1925இல் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் அவர். 1954 ஜனவரி 30 அன்று சக மருத்துவர்களோடு அவர் சென்ற வாகனம் கவிழ்ந்தது. முதுகுத்தண்டு காயமடைந்து இரு கால்களும் செயலிழந்தன. முகத்திலும் ஆழ்ந்த காயம். அப்போது அவர் முப்பது வயதைக்கூட எட்டவில்லை. கால்கள் வேண்டும் என்று அவர் வேண்டினார். கால்கள் கிடைக்கவில்லை.

அதே கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை வளர்த்துவந்தார். கை அறுவை சிகிச்சையைப் பொதுவாக உட்கார்ந்தே செய்வோம், நிற்கவேண்டிய தேவையில்லை. அவ்வாறே சக்கர நாற்காலியில் அமர்ந்து மேரி வர்கீஸ் தொழுநோயாளிகளின் கைகளுக்குச் சிகிச்சை செய்யலானார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுச் சிகிச்சை பெற்று, நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோருக்கான மறுவாழ்வு நிலையம் 1966இல் அங்கே திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986இல் மறைந்தார்.

இந்த வரலாற்றைப் பலர் வெற்றிக் கதையாகச் சொல்வர். எங்களுக்கு அவ்வாறு சொல்லத் தயக்கமே. விபத்துக்கும் முதல் அறுவை சிகிச்சைக்கும் இடையே எத்தனை இரவுகள்! உணர்வற்ற உடலை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை திருப்பிப் படுக்கவைக்காவிடில் படுக்கைப்புண் வரும். நள்ளிரவில் அவ்வாறு திருப்பிவிடுவதற்குப் பிறர் கைகளை எதிர்பார்த்துக் கிடந்த ஒருவர், பின்னாளில் அந்நிலையிலுள்ள மற்றவர்களுக்காக ஒரு நிலையத்தையே நடத்தினார். அவருடைய மகிழ்ச்சி, இழந்ததை மறந்ததால் வந்ததன்று. நாள்தோறும் அந்த இழப்போடுதான் அவர் பணிக்குச் சென்றார்.

மயிலாப்பூரில் இதைப் புரிந்துகொள்வது எளிது. சாந்தோம் பேராலயம் எழுந்த இடத்தில் அடக்கம் செய்யப்பட்டதாக மரபு கூறும் தோமா, உயிர்த்தெழுந்தவரின் காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர். யோவான் எழுதிய நற்செய்தியில் சீடர்கள் மகிழ்ந்தது, ஆண்டவர் தம் கைகளையும் விலாவையும் காட்டிய பிறகே. உயிர்த்தெழுந்த உடலிலும் தழும்புகள் இருந்தன.

இனி, மருத்துவராகச் சொல்லவேண்டியவை. துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. துக்கப்படுபவர் அழுவார், பேரக்குழந்தையைக் கண்டால் சற்று மலர்வார். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக, பெரும்பாலான நாள்களில் எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், தான் குடும்பத்துக்குப் பாரம் என்னும் எண்ணம் ஆகியவை இருந்தால், அது விசுவாசக் குறைவன்று. சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய். வாழ்வதில் பயனில்லை என்று ஒருவர் சொன்னால், அவரைத் தனியே விடாதீர்கள். அன்றே எங்களிடம் தெரிவியுங்கள். நோயாளிக்கு மட்டுமன்று, அவரைப் பேணுபவருக்கும் இது பொருந்தும். எப்பாப்பிரோதீத்துவைப் பவுல் ஊருக்கு அனுப்பிவைத்ததைப் பேணுவோர் நினைவில் கொள்ளலாம். அவ்வாறு திரும்பி வந்தவரைக் கனப்படுத்தி ஏற்கும்படியே அவர் எழுதினார்.

மருந்தை நிறுத்தி விசுவாசத்தை நிரூபிக்க முயல வேண்டாம். தவக்காலத்தில் உபவாசம் இருக்க விரும்பும் சர்க்கரை நோயாளிகள், குறிப்பாக இன்சுலின் போடுவோர், முன்கூட்டியே எங்களைக் கலந்துகொள்ளுங்கள். ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி செப்டம்பர் 8 வரை நடைபெறும் திருவிழாவுக்குப் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்துக்கு வெறுங்காலோடு நடந்து செல்வோர் பலர். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குக் கொப்புளம் வந்தாலும் தெரியாது. வலி தெரியாததாலேயே தொழுநோயாளிகளின் கைகால்கள் சிதைகின்றன என்பதை எடுத்துக்காட்டியவர் பால் பிராண்ட். அதே காரணம் உங்கள் பாதத்துக்கும் பொருந்தும். காலணியோடு செல்லுங்கள், இரவில் பாதங்களைப் பாருங்கள்.

அந்த அம்மையாரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டோம். தைரியமாக இருக்கச் சொல்லுமுன் எதற்காக அழுகிறீர்கள் என்று கேட்டிருக்கவேண்டும் என்றோம். அவர் சொன்ன காரணம் கணவரின் உயிரைப் பற்றியதன்று. மகளின் கல்லூரிக் கட்டணம். சமூகப்பணியாளரிடம் அழைத்துச் சென்றோம். பிறகு கணவன் மனைவி இருவரையும் ஒரே அறையில் அமரவைத்து, இரத்தப் பரிசோதனை முடிவுகளை வரிவரியாக விளக்கினோம். அம்மையார் அழுதார், கணவரும் அழுதார். சற்று நேரம் கழித்து அவர் எங்களிடம் கேட்ட அடுத்த கேள்வி, ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தபின் ஒரு டம்ளர் காபி குடிக்கலாமா என்பது. அரை டம்ளர் குடிக்கலாம், அன்றைய தண்ணீர்க் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றோம்.