கைத்தொழிற் புரட்சியும் போக்குவரத்தும்: போல்கேர்க் கால்வாய்ச் சந்தி

“கால்வாய்ப் போக்குவரத்து ஏன் வீழ்ச்சியடைந்தது?” என்ற வினாவுக்குப் “புகையிரதம் வந்தது” என ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லும் மாணவர் பலர். இவ்விடை பிழையன்று, ஆனால் முழுமையானதன்று. ஸ்கொட்லாந்தின் போல்கேர்க் நகரில் இருந்த கால்வாய்ச் சந்தியின் வரலாற்றைக் கற்றால் ஏனைய காரணங்களும் தெளிவாகும்.

1. சந்தித்த இரு கால்வாய்கள்

• போத் – கிளைட் கால்வாய்: 1768 இல் வேலை ஆரம்பிக்கப்பட்டு 1790 இல் திறக்கப்பட்டது. பொறியியலாளர் ஜோன் ஸ்மீற்றன். நீளம் ஏறத்தாழ 56 கி.மீ. நாட்டின் கிழக்கு, மேற்குக் கடல்களை இணைத்தது. 1803 இல் ‘சார்லட் டண்டாஸ்’ என்னும் நீராவிப் படகு இதில் ஓடியது.

• யூனியன் கால்வாய்: 1818 – 1822 இல் வெட்டப்பட்டது. பொறியியலாளர் ஹியூ பெயார்ட். நீளம் ஏறத்தாழ 50 கி.மீ. எடின்பரோ நகருக்கு நிலக்கரி கொண்டுவருவது பிரதான நோக்கமாகும்.

2. சந்தியின் அமைப்பு

யூனியன் கால்வாய் சமவுயரக் கோட்டை அனுசரித்து ஒரே மட்டத்தில் வெட்டப்பட்டது. இதனால் போல்கேர்க்கை அடையும்போது அது மற்றைய கால்வாயிலும் பார்க்க 35 மீற்றர் உயரத்தில் இருந்தது. இவ்வேறுபாட்டைக் கடக்க 11 நீர்ப்பூட்டுகள் படிவரிசையாகக் கட்டப்பட்டன.

நீர்ப்பூட்டு என்பது இருபுறமும் கதவுகளைக் கொண்ட தொட்டியாகும். படகு உள்ளே சென்றதும் கீழ்க் கதவு மூடப்பட்டு, மேலிருந்து நீர் விடப்படும். நீருடன் படகும் உயரும். பின்னர் மேற்கதவு திறக்கப்படும்.

பிரதிகூலங்கள்:
(அ) 11 பூட்டுகளையும் கடக்க நாளின் பெரும்பகுதி சென்றது.
(ஆ) ஒரு தடவைக்கு ஏறத்தாழ 3500 தொன் நீர் செலவாகியது.

3. வீழ்ச்சியின் படிகள்

• 1842: எடின்பரோ – கிளாஸ்கோ புகையிரதப் பாதை திறக்கப்பட்டது.
• 1849: யூனியன் கால்வாய் புகையிரதக் கம்பனியின் உடைமையாயிற்று.
• 1867: போத் – கிளைட் கால்வாயும் வேறொரு புகையிரதக் கம்பனியின் கைக்குச் சென்றது. போட்டியாளரே உரிமையாளரானமை கவனிக்கத்தக்கது.
• 1933: நீர்ப்பூட்டுகள் அகற்றப்பட்டன.
• 1963, 1965: முறையே போத் – கிளைட், யூனியன் கால்வாய்கள் மூடப்பட்டன. கால்வாய்க்கு மேலாக வீதிப் பாலம் அமைக்கும் செலவைத் தவிர்ப்பதும் முதலாவது மூடலுக்கு ஒரு காரணமாகும்.

இந்த ஒழுங்கை நன்கு கவனியுங்கள். கால்வாய்கள் மூடப்படுவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்னரே சந்தி அறுந்துவிட்டது. அதன் பின் எடின்பரோவிலிருந்து கிளாஸ்கோவுக்கு நீர்வழியாகச் செல்ல முடியவில்லை. இணைப்பை இழந்த பாதை பயனையும் இழக்கும் என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவு.

4. மீளிணைப்பு

2002 இல் பழைய சந்திக்கு அண்மையில், வேறோர் இடத்தில் ‘போல்கேர்க் சில்லு’ திறக்கப்பட்டது. இச்சுழலும் தூக்கி படகுகளை 24 மீற்றர் உயர்த்துகின்றது. மிகுதி 11 மீற்றரை இரு நீர்ப்பூட்டுகள் ஈடுசெய்கின்றன. மிதக்கும் படகு தன் நிறைக்குச் சமமான நீரை வெளியேற்றும் என்பது ஆக்கிமிடிசின் தத்துவம். எனவே நீர்மட்டம் சமமாக இருக்கும்வரை, ஒரு தொட்டியில் படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரு பக்கமும் சமநிறையாகவே இருக்கும். இதனால் சில்லைச் சுழற்றச் சிறிதளவு சக்தியே போதுமானது.

மாதிரி வினா

போல்கேர்க் சந்தி கைவிடப்பட்டமைக்கான மூன்று காரணங்களை விளக்குக. (6 புள்ளிகள்)

விடைக் குறிப்பு: புகையிரதப் போட்டி, நேரமும் நீரும் விரயமாதல், உரிமை மாற்றம். காரணத்தைப் பெயரிடுவதற்கு 1 புள்ளி, ஆண்டு அல்லது அளவுடன் விளக்குவதற்கு 1 புள்ளி எனக் கொண்டு எழுதிப் பழகுங்கள்.