வசூல் பணத்தில் பேட் வாங்காதீர்கள்

ஹாஸ்டலில் கிரிக்கெட் டீம் ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஆளாளுக்குப் போட்ட பணத்தில் பேட் வாங்காதீர்கள். அதிலும் இங்கிலிஷ் வில்லோ பக்கமே போகாதீர்கள்.

எங்கள் டீம் இரண்டு செமஸ்டர் தாங்கவில்லை. கோவைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ். பி.டி. சாருக்கு மாவட்ட சர்டிபிகேட் வைத்திருக்கும் பையன்கள் மட்டும்தான் கண்ணில் படுவார்கள் என்பதால், மிச்சம் இருந்த நாங்கள் ஒன்று சேர்ந்தோம். ஆள் பிடித்தது, ஜெர்சி அடித்தது, பெயருக்குச் சண்டை போட்டது எல்லாம் உங்கள் ஹாஸ்டலிலும் நடந்திருக்கும். சுற்றுவட்டார டென்னிஸ் பால் போட்டிகளில் கோப்பையும் வாங்கினோம். கீப்பிங் நான். வரவு செலவு நோட்டும் என்னிடம்தான்.

அதோடு நின்றிருந்தால் நான்கு வருஷமும் ஓடியிருக்கும். கேப்டனுக்கோ ஸ்டிச் பாலில் ஆடினால்தான் கிரிக்கெட். டென்னிஸ் பந்து அறுபது கிராம்கூட இருக்காது. ஸ்டிச் பால் 156 முதல் 163 கிராம் வரை. எடையே கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வந்த பந்தையெல்லாம் லெக் சைடில் சுற்றிப் பழகிய கைக்கு, மேட்டில் குத்தி எகிறும் பந்து புரியவே ஒரு சீசன் வேண்டும். சொன்னேன். "நீ கீப்பர்டா, உனக்கென்ன தெரியும்" என்றான்.

சரி, ஸ்டிச் பால் என்று முடிவானதும் வாங்க வேண்டியவற்றை எழுதிக் கொடுத்தேன்: லெக் கார்டு, ஹெல்மெட், கீப்பிங் கிளவுஸ், அதற்கு இன்னர். முதல் இரண்டையும் சீனியர்களிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம் என்றான். கிளவுஸைப் பற்றிப் பேச்சே இல்லை. பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரே ஒரு பேட்டோடு வந்து நின்றான். காஷ்மீர் வில்லோவில் மூன்று பேட்டும் என் கிளவுஸும் அந்தப் பணத்துக்குள் வந்திருக்கும்.

வாங்கியதாவது வாங்கினான், பதப்படுத்தவில்லை. இதை நிறையப் பேர் அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். புது இங்கிலிஷ் வில்லோ மென்மையான மரம். முகத்திலும் ஓரங்களிலும் அடிமுனையிலும் பச்சை ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி, படுக்கவைத்து ஊறவிட வேண்டும். கைப்பிடி செருகிய இடத்தில் எண்ணெய் படக்கூடாது. பிறகு மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்ட ஆரம்பித்து, போகப்போக வேகம் கூட்ட வேண்டும். ஓரங்களைச் சாய்வாகத் தட்டி உருட்ட வேண்டும். மொத்தம் ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். அதற்குப் பிறகும் பழைய பந்தில் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் புதுப் பந்தைத் தொட வேண்டும். 'ரெடி டு ப்ளே' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் ஓரளவு தட்டத்தான் வேண்டும்.

ஹாஸ்டல் ரூமில் அதைத் தட்டினால் பக்கத்து ரூம்காரன் வார்டனைக் கூப்பிடுவான், அது உண்மை. அதனால்தான் கடைக்காரரே மெஷினில் அடித்துத் தருகிறேன், இரண்டு நாள் கொடுங்கள் என்றாராம். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருக்கிறது என்று நம்மாள் கையோடு எடுத்து வந்துவிட்டான். இது எனக்கு மேட்ச் முடிந்த பிறகுதான் தெரியும்.

இரண்டாவது ஓவர். யார்க்கர். அடிமுனையிலிருந்து நடுப்பகுதி வரை விரிசல் ஓடியது. அந்த மேட்சில் நாங்கள் ஐம்பதைத் தாண்டவில்லை. அது பரவாயில்லை, முதல் ஸ்டிச் பால் மேட்ச். எனக்கு இரவல் கிளவுஸில் கீப்பிங் செய்து மோதிர விரல் வீங்கியது, அதையும் விட்டுவிடலாம். ராத்திரி மெஸ்ஸில் வந்த கேள்விதான் டீமை முடித்தது. பதினோராவதாக இறங்குகிற ஸ்பின்னர், "அந்த பேட்டை நான் கையாலகூடத் தொடல. எனக்கும் ஏன் சம பங்கு?" என்றான். கேப்டனிடம் பதில் இல்லை. "டீமுக்குத்தானே வாங்கினோம்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அடுத்த வாரம் பிராக்டிஸுக்கு பவுலர்கள் யாரும் வரவில்லை.

ஆகவே பேட்டை பேட்ஸ்மேன் சொந்தக் காசில் வாங்கட்டும். தன் காசு என்றால் தானே உட்கார்ந்து தட்டுவான். பொதுப் பணம் பந்துக்கும், ஸ்டம்புக்கும், மேட் வாடகைக்கும், அம்பயருக்கும், கீப்பர் சாமான்களுக்கும் போகட்டும். கீப்பர் சாமானைச் சேர்ப்பது சுயநலம் என்பார்கள். இன்னர் இல்லாமல் ஒரு இன்னிங்ஸ் நின்று பார்த்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

விரிசலை ஒட்டி, நூல் சுற்றி, டென்னிஸ் பாலுக்கு ஆகட்டும் என்று அந்த பேட்டை ஒரு ஜூனியருக்கு விற்றேன். போட்டதில் கால்வாசிகூடத் தேறவில்லை. வந்ததைப் பவுலர்களுக்கு மட்டும் பிரித்துக் கொடுத்துவிட்டு நோட்டை மூடினேன். அது அநியாயம் என்று பேட்ஸ்மேன்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும்.