தீனி வைத்தால் கோழி சோம்பேறி ஆகுமா?

நாட்டுக்கோழிக்கு வீட்டில் தீனி வைக்கக் கூடாதாம். வைத்தால் சோம்பேறியாகி மேய்ச்சலை மறந்துவிடுமாம். நெடுங்காடு பக்கம் போனாலும் இதுதான் பேச்சு, திருமலைராயன்பட்டினம் போனாலும் இதுதான். சொல்கிற அதே வாய், அடுத்த மூச்சில், "கோழி வீடு தங்க மாட்டேங்குது சார், நாலு தெரு தாண்டிப் போயிடுது" என்று அலுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் உள்ள தொடர்பு ஏன் யாருக்கும் உறைக்கவில்லை? பசித்த கோழி நாலு தெருவோடு நிற்காது, வாய்க்கால் தாண்டியும் போகும்.

கால்நடை மருத்துவம் படித்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷயம் இது: கிளறுவது கோழியின் பிறவிக் குணம். கிண்ணம் நிறையத் தீனி இருந்தாலும் அது மண்ணைக் கிளறத்தான் செய்யும். வயிறு நிறைந்த கோழி வாசலையும் எருக்குழியையும் சுற்றிக் கிளறும், காலி வயிற்றோடு இருப்பது ஊரைச் சுற்றும். வித்தியாசம் அவ்வளவுதான்.

"எங்க தாத்தா காலத்துல தீனியா வச்சாங்க?" என்று கேட்பார்கள். வீட்டிலேயே நெல் குத்திய காலம் அது. நொய்யும் தவிடும் உமியும் கொல்லையில் தினமும் சிந்தின. களம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. இன்று அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைக் கொட்டுகிறது, அரிசி மூட்டையில் வருகிறது. கோழிக்கு மிச்சம் எங்கே? தை, மாசியில் சம்பா அறுத்த தாளடியில் கொஞ்ச நாள் பொறுக்கும். சித்திரை வெயிலில் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும்போது புழு பூச்சி ஆழத்துக்குப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் நிற்கவே மேடு இருக்காது. மேய்ச்சலே போதும் என்பவர்கள் அந்த மாதங்களில் கோழியைத் தூக்கிப் பார்க்கட்டும். நெஞ்செலும்பு கத்தி முனையாகக் கையில் குத்தும்.

தூரம் போகும் கோழி சும்மா திரும்பாது. பக்கத்து வயல் உளுந்தில் இறங்கினால் சண்டை. எலிக்கு வைத்த மருந்தைக் கொத்தினால் அங்கேயே முடிந்தது.

தீனி எப்போது, எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். காலையில் பானைச் சோற்றைக் கொட்டாதீர்கள். பொழுது சாய அரை மணி முன்னால், தலைக்கு ஒரு சின்னக் கைப்பிடி நொய்யோ கம்போ, கொஞ்சம் தவிடு. தினமும் அதே இடம், அதே நேரம், அதே "பா... பா..." குரல். அடையப் போகுமுன் தீனிப்பையை நிரப்பிக்கொள்வது கோழியின் இயல்பு. இருட்டில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேரும். பஞ்சாரத்தில் கவிழ்க்குமுன் கழுத்தடியில் வலப்பக்கம் தொட்டுப் பாருங்கள். நிரம்பிய பை எலுமிச்சம்பழம் போல விரலுக்குள் உருளும். தொளதொளவென்றிருந்தால் அந்தக் கோழி விடியும் முன்னே வேலி தாண்டும். கூடவே இடித்த கிளிஞ்சலும் வையுங்கள். முட்டையின் ஓடு கட்ட ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது, பெரும்பகுதி இரவில். கடலோர ஊரில் கிளிஞ்சலுக்கா பஞ்சம்?

மற்றவை: இறக்கையை வெட்டினால் வீடு தங்கும் என்பது பொய். பறப்பது குறையும், நடப்பது குறையாது, நாய் துரத்தினால் தப்பவும் வழியில்லை. சந்தையில் வாங்கிய கோழியை அன்றே திறந்துவிட்டு ஓடிப்போச்சு என்று அழாதீர்கள். ஒரு வாரம் அடைத்துத் தீனி வைத்தால் அடையும் இடம் பழகிவிடும். சேவல் இல்லாவிட்டால் முட்டை போடாது என்பதும் தவறு. போடும், குஞ்சுதான் பொரிக்காது.

ஒன்றை மட்டும் லேசாக விட முடியாது. நாட்டுக்கோழிக்கு நோய் வராது, ஊசி வேண்டாம் என்கிறார்கள். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டறிந்த நோய், மறு ஆண்டே நம் ராணிக்கேத்தில் தெரிந்தது. அந்த ஊரின் பேரையே சுமக்கும் அந்த ராணிக்கேத் நோய்தான் நாம் சொல்லும் வெள்ளைக்கழிச்சல். நாட்டுக்கோழி என்று அது பார்ப்பதில்லை. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, கூட்டமே சரியும். வந்தபின் மருந்து கிடையாது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கைக்கடியில் ஊசி, இவ்வளவுதான் வேலை.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. ஊசி மருந்து ஒரு குப்பியில் 100 கோழிக்கு அளவாக வருகிறது. கரைத்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஆறு கோழி வைத்திருப்பவர் தனியாக என்ன செய்வார்? அதனால்தான் தெருத்தெருவாகக் கேட்கிறேன்: ஒரு தெருக் கோழிகளுக்கெல்லாம் ஒரே காலையில் போடுங்கள். முந்தின ராத்திரியே அடைத்து வையுங்கள், குப்பியை ஐஸில் கொண்டு வாருங்கள், வெயில் ஏறுமுன் முடியுங்கள். கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி நாள் குறித்துக்கொள்ளுங்கள். "எங்க கோழிக்கு வேணாம்" என்கிற வீட்டுக்காரரையும் பேசிச் சம்மதிக்க வையுங்கள். அவர் கோழியும் உங்கள் எருக்குழியில்தான் கிளறுகிறது.