காலனி நாட்டில் சோஷலிஸ்ட் கட்சி: காரைக்காலும் செனகாலும்

முன்னுரை



விடுதலைப் போராட்டம் என்றதும் நம் நினைவுக்கு வருவன தண்டி யாத்திரையும் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கமும்தான். 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலை பெற்றது என்று படிக்கிறோம், தேர்விலும் எழுதுகிறோம். ஆனால் அன்று நம் காரைக்காலில் பறந்த மூவர்ணக் கொடி இந்தியாவின் கொடி அன்று. நீலம், வெண்மை, சிவப்பு என்னும் மூன்று நிறங்கள் கொண்ட பிரான்சு நாட்டுக் கொடி அது! தெற்கே திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டி நாகூர் சென்றால் அது சுதந்திர இந்தியா. வடக்கே கோட்டுச்சேரியைத் தாண்டிப் பொறையாறு சென்றால் அதுவும் சுதந்திர இந்தியா. இடையில் இருந்த நாம் மட்டும் மேலும் ஏழு ஆண்டுகள் அந்நியர் ஆட்சியில் இருந்தோம்.

அந்த ஏழு ஆண்டுகளில் பெரும்பகுதி, பிரெஞ்சிந்திய அரசியலில் ஓங்கி நின்ற கட்சியின் பெயர் 'சோஷலிஸ்ட் கட்சி' என்பதாகும். சோஷலிசம் என்றால் சமத்துவம் அல்லவா? சமத்துவம் பேசும் கட்சி அந்நிய ஆட்சியோடு கைகோத்து நடந்தது எப்படி? அதே காலத்தில் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஆப்பிரிக்க நாடுகளிலும் சோஷலிஸ்ட் கட்சிகள் இருந்தனவே; அவை என்ன செய்தன? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரை.

பாரிசில் ஒரு முகம், புதுச்சேரியில் ஒரு முகம்

உழைப்பவனுக்கு உரிய கூலி, ஏழைக்கும் கல்வி, செல்வம் ஒரு சிலர் கையில் குவியாமை ஆகியவையே சோஷலிசத்தின் அடிப்படை. பிரான்சில் இக்கொள்கையுடைய கட்சி 1936ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆட்சிக்கு வந்தது. லெயோன் ப்ளூம் பிரதமரானார். பிரான்சுத் தொழிலாளர் மகிழ்ச்சிக் கடலில் ஆழ்ந்தனர்.

ஆனால் அடுத்த மாதமே, 1936 ஜூலை 30 அன்று, புதுச்சேரியில் உரிமை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிருவர் உயிர் இழந்தனர். சோஷலிஸ்டுகள் ஆண்ட நாளிலேயே அவர்களது காலனியில் தொழிலாளர் இரத்தம் சிந்தியது! தலைநகரில் பேசும் கொள்கை, கடல் கடந்து வரும்போது எப்படி மாறிவிடுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

எனினும் உண்மையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இப்படுகொலைக்குப் பின் பாரிஸ் அரசு விழித்துக்கொண்டது. தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா போன்றோரின் விடாமுயற்சியால், 1937இல் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையும், எட்டு மணி நேர வேலைக்கு வழிவகுத்த சட்டமும் கிடைத்தன. ஆகவே பாரிசில் சோஷலிஸ்ட் அரசு இருந்ததால் பயனே இல்லை என்று கூறிவிட முடியாது. ஆனால் அந்தப் பயன் தானாக வரவில்லை. புதுச்சேரித் தொழிலாளர் உயிரைக் கொடுத்துக் கேட்ட பின்னரே வந்தது.

நம் பாட்டிமார் பெற்ற வாக்குரிமை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சு தன் காலனிகளைப் 'பிரெஞ்சு யூனியன்' என்ற புதிய பெயரில் ஒன்று சேர்த்தது. பிரெஞ்சிந்தியாவுக்கு 1946இல் 44 உறுப்பினர் கொண்ட மக்கள் பிரதிநிதி சபை அமைந்தது. புதுச்சேரிக்கு 22, காரைக்காலுக்கு 12, சந்திரநாகூருக்கு 5, மாஹேக்கு 3, ஏனாமுக்கு 2 என இடங்கள் பகிரப்பட்டன. இத்தேர்தலில் சொத்து, படிப்பு என்ற தடைகள் இல்லை. வயது வந்த ஆண், பெண் இருபாலரும் வாக்களிக்கலாம்.

தோழியரே, இதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அதே 1946இல் பக்கத்துத் தஞ்சை மாவட்டத்தில் சொத்தோ வரியோ படிப்போ உடையவர்க்குத்தான் பெரும்பாலும் வாக்கு. எல்லாப் பெண்களும் வாக்களித்த முதற் பொதுத் தேர்தல் அங்கு நடந்தது 1951-52இல்தான். நிரவியிலும் நெடுங்காட்டிலும் வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கு, அடிமை நாட்டில் இருந்துகொண்டே, முன்னதாக வாக்குரிமை கிடைத்தது!

ஆனால் ஒரு குறை. வாக்கு மக்களிடம், அதிகாரமோ பாரிஸ் அனுப்பிய ஆளுநரிடம். சாவியைக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தம்மிடமே வைத்துக்கொண்டதற்கு ஒப்பாகும் இது. 1946 டிசம்பர் தேர்தலில் சுப்பையா முதலியோர் முன்னின்ற தேசிய ஜனநாயக முன்னணி பெரும்பான்மை பெற்றது. கம்யூனிஸ்டுகள் செல்வாக்கோடு விளங்கிய முன்னணி அது. அதன் வெற்றி ஆளுநர் மாளிகைக்கு இனித்திருக்காது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி

இச்சூழ்நிலையில் 1947இல் எதுவார் குபேர் தலைமையில் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி தோன்றியது. குபேர் பிரெஞ்சு, இந்தியக் கலப்பு மரபினர். மக்களோடு பழகுவதில் வல்லவர். 'பாப்பா குபேர்' என்று மக்களால் அழைக்கப்பட்டவர். இக்கட்சி தொடக்கத்தில் பிரெஞ்சு யூனியனுக்குள்ளேயே இருந்து தன்னாட்சி பெறலாம் என்றது. பிரெஞ்சு நிர்வாகத்தின் ஆதரவு அதற்கு இருந்ததாக அக்கால வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

1948 ஜூன் மாதத்தில் இந்தியாவும் பிரான்சும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பிரெஞ்சிந்திய மக்கள் எங்குச் சேர விரும்புகிறார்கள் என்பதை வாக்கெடுப்பின் மூலம் அறிவது என்பதே அது. அவ்வாக்கெடுப்பை எப்படி நடத்துவது என்று முடிவு செய்யும் பொறுப்பு நகரசபைகளுக்குத் தரப்பட்டது. எனவே 1948 அக்டோபரில் நடந்த நகரசபைத் தேர்தல் மிக முக்கியமானதாயிற்று. அதில் சோஷலிஸ்ட் கட்சி பெருவெற்றி பெற்றது. 1951இல் பிரெஞ்சுப் பாராளுமன்றத்துக்கு நடந்த தேர்தலில் குபேர் ஏறத்தாழ எல்லா வாக்குகளையும் தாமே பெற்றார்.

ஒருவருக்கே ஏறத்தாழ எல்லா வாக்குகளும் கிடைப்பது மக்கள் அன்பின் அடையாளம் மட்டுந்தானா? பிரெஞ்சிந்தியத் தேர்தல்கள் அடியாள் பலத்துக்கும் வாக்காளர் அட்டை மோசடிக்கும் பெயர்போனவை. 1951இல் வந்து பார்த்த நடுநிலைப் பார்வையாளர்களும் இங்கிருந்த அச்சச் சூழ்நிலையையும் வாக்காளர் பட்டியலின் குறைகளையும் எடுத்துக் காட்டினர். இந்தியாவோ அத்தகைய நிலையில் வாக்கெடுப்பு வேண்டாம் என்றது. சந்திரநாகூரில் மட்டும் 1949 ஜூன் 19 அன்று மக்கள் வாக்கெடுப்பு நடந்து, மிகப் பெரும்பான்மையோர் இந்தியாவுடன் இணையவே வாக்களித்திருந்தனர்.

கடல் கடந்த தோழர்கள்

இனி ஆப்பிரிக்காவைப் பார்ப்போம். காரைக்காலுக்கும் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனகாலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அன்று இரண்டும் ஒரே பிரெஞ்சு யூனியனில் அடங்கியவை. இரண்டின் பிரதிநிதிகளும் பாரிசில் ஒரே பாராளுமன்றத்தில் அமர்ந்தவர்கள். ஒரே வீட்டில் தனித்தனி அறைகளில் வாழ்ந்தவர்கள் போன்றவர்கள் நாம்.

செனகாலில் சோஷலிஸ்டுகளின் தலைவர் லாமின் கெய் என்னும் வழக்கறிஞர். அவர் கட்சி பிரெஞ்சு சோஷலிஸ்ட் கட்சியின் கிளையாகவே இயங்கியது. 1946 மே 7 அன்று, கடல் கடந்த பிரெஞ்சுப் பகுதிகளில் வாழ்வோர் யாவரும் குடிமக்களே என்னும் சட்டம் அவர் பெயராலேயே நிறைவேறியது. அதே ஆண்டு ஏப்ரலில், மேற்கு ஆப்பிரிக்காவின் மற்றொரு பகுதியான ஐவரி கோஸ்ட்டின் ஊஃபுவே புவாஞி கொண்டுவந்த சட்டம் கட்டாய உழைப்பை ஒழித்தது. இவை சிறு வெற்றிகள் அல்ல.

ஆயினும் லாமின் கெய்யின் கட்சி தாக்கார், செயின்ட் லூயி போன்ற நகரங்களையே நம்பியிருந்தது. வேர்க்கடலை பயிரிட்டு வாழ்ந்த உள்நாட்டு உழவர்களை அது அதிகம் நினைக்கவில்லை. கட்சியின் போக்கையோ பாரிசே தீர்மானித்தது. அக்கட்சியிலேயே இருந்த லெயோபோல்ட் செங்கோர் என்னும் கவிஞர் இதைப் பொறுக்கவில்லை. 1948இல் அவர் வெளியேறி, அக்டோபர் மாதத்தில் 'செனகால் ஜனநாயக அணி' என்ற கட்சியைத் தொடங்கினார். நம் ஊரில் நகரசபைத் தேர்தல் நடந்த அதே மாதம்! இங்கே ஒரு சோஷலிஸ்ட் கட்சி பாரிசின் நிழலில் வென்றது. அங்கே ஒரு சோஷலிஸ்ட், பாரிசின் நிழலை விட்டு வெளியேறினார்.

செங்கோர் கத்தோலிக்கர். நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் இஸ்லாமியர். ஆயினும் அவர் சிற்றூர்தோறும் சென்று உழவர்களையும் இஸ்லாமியப் பெரியோர்களையும் கண்டு ஆதரவு திரட்டினார். 1951 தேர்தலில் செனகாலின் இரண்டு இடங்களையும் அவர் கட்சியே கைப்பற்றியது.

பிரெஞ்சு சோஷலிஸ்டுகளின் இரு முகமும் மீண்டும் தெரிந்த ஆண்டு 1956. கி மொல்லே என்னும் சோஷலிஸ்ட் பிரதமரின் அரசு, ஆப்பிரிக்கப் பகுதிகளுக்கு வயதுவந்தோர் வாக்குரிமையும் ஓரளவு தன்னாட்சியும் தரும் சட்டத்தை நிறைவேற்றியது. அதே அரசுதான் அல்ஜீரியாவில் விடுதலைப் போரை ஒடுக்க இலட்சக்கணக்கான படைவீரர்களை நிறுத்தியது. 1958இல் கினி நாடு செக்கு தூரே தலைமையில் 'வேண்டாம்' என்று வாக்களித்து விடுதலை பெற்றது. 1960இல் செனகாலும் தனி நாடாயிற்று.

திரும்பிய திசை

நம் ஊருக்கு மீண்டும் வருவோம். 1949 முதல் இந்தியா சுங்கக் கட்டுப்பாட்டை விதித்தது. 1954இல் எல்லைக் காவலை மேலும் இறுக்கியது. இந்தியா சூழ்ந்த ஊர்கள் எத்தனை நாள் தாங்கும்? அப்பொழுதுதான் குபேர் திசை திரும்பினார். 1954 மார்ச் 18 அன்று, வாக்கெடுப்பு இன்றியே இந்தியாவுடன் இணைய வேண்டும் என்று புதுச்சேரி மேயர்களும் ஆட்சிக் குழுவினரும் தீர்மானம் செய்தனர். மாத இறுதியில் குபேரும் நண்பர்களும் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றித் தற்காலிக அரசு அமைத்தனர்.

நாட்டுப்பற்றே இம்மாற்றத்துக்குக் காரணம் என்பார் உண்டு. பொருளாதார நெருக்கடியும், கட்சித் தலைவர்கள் மேல் பிரெஞ்சு அரசு தொடங்கிய விசாரணைகளும் காரணம் என்று எழுதுவோரும் உண்டு. எதுவாயினும், அவர் திரும்பியதும் பிரெஞ்சு ஆட்சியின் தூண் சாய்ந்தது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடினர். மொத்தம் 178 பேர். இணைப்புக்கு ஆதரவாக 170 வாக்குகள்; எதிராக 8. நவம்பர் முதல் நாள் காரைக்காலிலும் இந்தியக் கொடி ஏறியது. 1956இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அல்ஜீரியப் போர் முடிந்த பின், 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் அது சட்டப்படி முழுமை பெற்றது. பின்னர் காங்கிரசில் இருந்த குபேர், 1963இல் புதுவையின் முதல் முதலமைச்சரானார். கட்சி மாறியது, கொடி மாறியது, தலைவர் மாறவில்லை!

கீழூர் முடிவு நன்முடிவே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் சந்திரநாகூர்ப் பெண்ணிடம் கேட்கப்பட்ட கேள்வி காரைக்கால் பெண்ணிடம் நேரே கேட்கப்படவில்லை என்பதையும் மறக்கலாகாது. முன்னரே வாக்குரிமை பெற்றவள், தன் நாடு எது என்னும் மிகப் பெரிய கேள்வியில் நேரடியாக வாக்களிக்கவில்லை. அவளுக்காக 178 பேர் வாக்களித்தனர்.

நாம் கற்கும் பாடம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். அதுபோலப் பெயரில் மட்டும் இருக்கும் சமத்துவம் ஏழைக்கு உதவாது. ஒரு கட்சியை எடைபோட அதன் பெயரைப் பார்த்தால் போதாது. மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அது யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது? யாரை நினைக்காமல் விட்டுவிடுகிறது? தன்னை எதிர்ப்பவனை எப்படி நடத்துகிறது?

முதற் கேள்வியில் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி தடுமாறிற்று. மக்களைவிட மாளிகையை நோக்கிற்று. இரண்டாம் கேள்வியில் லாமின் கெய்யின் கட்சி தோற்றது, உழவனை மறந்தது. மூன்றாம் கேள்வியிலோ வெற்றி பெற்ற செங்கோரும் தடுமாறினார். 1962இல் தம் நெடுநாள் தோழரான பிரதமர் மமடு தியாவைச் சிறையில் அடைத்தார். பல ஆண்டுகள் செனகாலில் ஒரே கட்சி ஆட்சி நடந்தது. ஆயினும் 1980 இறுதியில் தாமாகவே பதவியை விட்டு இறங்கினார் என்பதையும் அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

முடிவுரை

இந்தியாவில் வாக்களிக்கும் வயது 1989 முதல் பதினெட்டு. இப்பள்ளியை விட்டு வெளியேறும் சில மாதங்களில் நம்மில் பலர் வாக்காளர் ஆவோம். நம் கையில் மையிடும் நாளில், பெயர்களும் சின்னங்களும் நம்மைச் சூழ்ந்து நிற்கும். அப்போது அந்த மூன்று கேள்விகளையும் நினைவில் கொள்வோம். வயலில் நாற்று நட்ட நம் பாட்டிமாருக்கு வாக்கு இருந்தது. அதைத் தடையின்றி, அச்சமின்றி இடும் நிலை பெரிதும் இல்லை. நமக்கு இரண்டும் உண்டு. அவர்கள் பெற்றதைப் பயன்படுத்துவோம், பெறாததைக் காப்போம்.