சைனஸுக்குள் ஒரு தடுப்பு

கேள்வி: மேல் கடைவாய்ப் பல் போன இடத்தில் இம்ப்ளான்ட் வைக்கப் போனேன். ஓ.பி.ஜி. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "சைனஸில் தடுப்பு மாதிரி தெரிகிறது, சி.பி.சி.டி. எடுங்கள்" என்கிறார். இது நோயா? இன்னொரு படம் அவசியமா?

பதில்: நோய் இல்லை. மேல்தாடை சைனஸ் என்ற காற்றறையின் தரையிலிருந்து பலருக்கு இப்படி மெல்லிய எலும்புத் தடுப்பு எழும்பியிருக்கும். 1910-லேயே அண்டர்வுட் என்பவர் விவரித்த சங்கதி. இம்ப்ளான்ட் பேச்சு வந்திராவிட்டால் உங்களுக்குத் தெரியவே வந்திருக்காது.

பல் போனபின் சைனஸ் கீழிறங்கி, எலும்பின் உயரம் குறைந்துவிடும். இம்ப்ளான்டுக்கு அது போதாவிட்டால் சைனஸின் உட்சவ்வை மெல்ல நெம்பித் தூக்கி, அடியில் எலும்புத்தூள் நிரப்புவார்கள். முட்டையோட்டின் உள்தோல் போன்ற சவ்வு அது. தடுப்பின் விளிம்பில் ஒட்டியிருக்கும் இடத்தில் சுலபமாகக் கிழியும். அதனால் தடுப்பு இருக்கிறதா, எங்கே என்று முன்பே தெரிய வேண்டும்.

முழு வாயையும் ஒரே தட்டைப் படமாகக் காட்டும் ஓ.பி.ஜி.யில் கன்ன எலும்பு, அண்ணம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால், இல்லாத தடுப்பு இருப்பதுபோலத் தோன்றும். இருப்பது மறைந்தும் போகும். சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன் அடுக்கடுக்காகக் காட்டுவதால் தடுப்பின் உயரமும் திசையும் பிடிபடும். உங்கள் டாக்டர் கேட்டது நியாயமே.

சி.பி.சி.டி.யில் கதிர்வீச்சு சற்றுக் கூடுதல்தான். "அந்தப் பகுதியை மட்டும் எடுத்தால் போதுமா?" என்று கேளுங்கள். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.